கோழிக்கும் குழந்தைக்கும் ஒரே மாத்திரை

கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்கோழி வளர்க்கும் பெண்களில் பலர், கால்நடை மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தில் ஊரில் இருப்பதில்லை. விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். போடி, தேவாரம் பக்கத்துக்காரர்களுக்குப் போடிமெட்டு. திரும்பி வந்து இறங்கும்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும். பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தால் ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டு, றெக்கையைத் தளரவிட்டு, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். நாளைக்கும் ஜீப் அதே நேரத்துக்கு வந்துவிடும். இந்தப் பொழுதில் ஊரில் திறந்திருப்பது மெடிக்கல் ஷாப் ஒன்றுதான்.

"கோழி கழியுதுண்ணே, ஏதாச்சும் மாத்திரை குடுங்க" என்று கேட்டால், கைக்கு வருவது பல நேரம் டெட்ராசைக்ளின் கேப்சூல். அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் மஞ்சள் பொடியைச் சோற்றில் பிசைந்து, நோய் கண்ட கோழிக்கு ஓர் உருண்டை. எதற்கும் இருக்கட்டும் என்று மற்ற கோழிகளுக்கும் ஆளுக்கொரு உருண்டை. மிஞ்சிய கேப்சூல் சாமி படத்துக்குப் பின்னால் போகும். பத்து நாள் கழித்து வீட்டில் யாருக்காவது வயிற்றாலை போனால் கை முதலில் அங்கேதான் நீளும்.

இதில் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஒரே வைத்தியம் அதுதான். ஆனால் அந்தச் சோற்று உருண்டைக்குப் பிறகு கோழியின் குடலிலும் வீட்டாரின் குடலிலும் என்ன நடக்கிறது என்பதை நாம் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். ஆன்டிபயாடிக் மருந்துகள் பலிக்காமல் போவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெருநகர மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவையே காட்டுகிறோம். அந்தக் கதையின் பாதி, ஆடும் மாடும் கோழியும் மனிதரும் ஒரே கூரையின் கீழ் வாழும் வீடுகளில் நடக்கிறது.

வைரஸுக்குக் கொடுத்த மருந்து

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிகேட் நோயை உண்டாக்குவது வைரஸ். டெட்ராசைக்ளின் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் மருந்து. வைரஸை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பிழைக்கிற கோழி தன் உடல்வலுவால் பிழைக்கிறது, பெயர் மாத்திரைக்குப் போகிறது. அடுத்த முறையும் அதே மாத்திரையை வாங்க அந்த ஒரு கோழி போதும்.

வைரஸை விட்டுவிட்டு அந்த மருந்து போய்த் தாக்குவது, கோழியின் குடலில் சாதுவாகக் குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களை. அவற்றில் ஒன்று ஈ.கோலை. மனிதர், மாடு, ஆடு, கோழி என்று எல்லாருடைய குடலிலும் அது இருக்கிறது. பெரும்பாலான வகைகளால் எந்தத் தொந்தரவும் இல்லை. தோதான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகக்கூடியது. அந்தக் கூட்டத்தில் எங்கோ சில, மருந்தைத் தாங்கும் மரபணுவோடு இருக்கும். மற்றவை மடிய மடிய, காலியாகும் இடமெல்லாம் அந்தச் சிலவற்றின் வாரிசுகளுக்குச் சொந்தமாகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட மரபணுக்களில் பல, பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கிக்கொள்வதுபோல, ஒரு பாக்டீரியா இன்னொன்றிடமிருந்து அந்த வளையத்தைப் பெற்றுக்கொள்கிறது. கொடுப்பதும் வாங்குவதும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஒரே பிளாஸ்மிட்டில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. டெட்ராசைக்ளின் மட்டுமே கொடுத்த வீட்டில், யாரும் கொடுக்காத வேறொரு மருந்தும் சேர்ந்து பலனிழப்பது இப்படித்தான்.

கோழிக்கென்றே விற்கும் மருந்துகளும் நமக்கு அந்நியமானவை அல்ல. கோழிகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின், விலங்கின் உடலுக்குள் போனதும் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. நமக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் டாக்டர்கள் காலங்காலமாக எழுதித் தந்த அதே சிப்ரோதான். இந்த உறவைப் பார்த்துத்தான் அமெரிக்கா 2005-ல் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் தருவதைத் தடை செய்தது. மாட்டுக்கு மடிநோய் வந்தால் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும், நிமோனியாவோடு வருபவருக்கு அரசு மருத்துவமனையில் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் ஒரே மருந்து. லேபிள்தான் வேறு.

பாஸ்டனுக்கு அருகே 300 கோழிகள்

வீட்டு விலங்குக்குக் கொடுக்கும் மருந்து வீட்டாரின் குடலை மாற்றுமா? இந்தக் கேள்வியை முதன்முதலில் நேரடியாகச் சோதித்தவர் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸ்டூவர்ட் லெவி. பாஸ்டன் நகருக்கு அருகில் ஒரு குடும்பம் வளர்த்த சுமார் 300 கோழிகளை எடுத்துக்கொண்டார். ஒரு பகுதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம், மற்றதற்குச் சாதாரணத் தீவனம். மருந்துத் தீவனம் தின்ற கோழிகளின் குடல் பாக்டீரியாக்கள் ஒரே வாரத்தில் ஏறக்குறைய முழுமையாக மருந்தை எதிர்ப்பவையாக மாறிவிட்டன.

வீட்டார் யாரும் மருந்து சாப்பிடவில்லை. இருந்தும் ஐந்தாறு மாதத்துக்குள் அந்தக் குடும்பத்தாரின் மல மாதிரிகளில் 31.3 சதவீதத்தில், 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் டெட்ராசைக்ளினை எதிர்த்தன. பண்ணையோடு தொடர்பில்லாத அண்டை வீட்டாரிடம் இந்த அளவு 6.8 சதவீதம்தான். 1976-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளியானது. அதே ஆய்வின் கடைசிப் பகுதி எனக்கு முதல் பகுதியைவிட முக்கியமாகப் படுகிறது. மருந்துத் தீவனத்தை முழுவதும் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சோதிக்கப்பட்ட 10 பேரில் 8 பேரிடம் அந்த எதிர்ப்பு பாக்டீரியாக்கள் தென்படவில்லை. வந்த வழியே அது திரும்பியும் போகும்.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் மரபணு வரிசையைப் படிக்கும் கருவிகள் வந்தன; கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்க முடிந்தது. கென்யாவின் நைரோபி நகரில் கால்நடை வளர்க்கும் வீடுகளை உள்ளடக்கி 99 வீடுகளில், மனிதர்கள், கால்நடைகள், வீட்டைச் சுற்றித் திரியும் காட்டுயிர்கள் என எல்லாரிடமிருந்தும் ஈ.கோலை எடுத்து, 1,338 மாதிரிகளின் முழு மரபணுவையும் படித்தார்கள். 2022-ல் வெளியான அந்த ஆய்வு நாம் எதிர்பார்க்கும் எளிய பதிலைத் தரவில்லை. ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்குள் பாக்டீரியா கைமாறுகிறது. விலங்குக்கும் மனிதருக்கும் இடையிலும் மாறுகிறது, ஆனால் அது மிகக் குறைவாகவே நடக்கிறது. மருந்து எதிர்ப்பு மரபணுக்கள் பரவியிருந்த விதம் மட்டும் தனியாக இருந்தது. ஒரே வகை மருந்துகளுக்கு ஆளானவர்களிடம் ஒரே வகை எதிர்ப்பு இருக்கும் என்ற விளக்கத்தோடு அது ஒத்துப்போனது.

நம் ஊருக்கு இதில் பெரிய செய்தி இருப்பதாக நான் நினைக்கிறேன். கோழி கிட்டே வந்தால் நோய், ஆட்டுக்குட்டியைத் தூக்கினால் நோய் என்ற பயத்துக்கு இந்த ஆய்வு துணை நிற்கவில்லை. விலங்கிலிருந்து கிருமி மனிதருக்கு ஏறுவதைவிட, இரண்டு பேரின் குடலுக்குள்ளும் ஒரே மருந்து இறங்குவதையே அது சுட்டுகிறது. அப்படியானால் கவனிக்க வேண்டிய இடம் பஞ்சாரமும் தொழுவமும் மட்டும் அல்ல. சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கேப்சூலும்தான்.

இது பெரிய கூட்டத்தைத் தொடும் விஷயம். 2019-ம் ஆண்டின் 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் புறக்கடைக் கோழிகள் 31.7 கோடி, முந்தைய கணக்கெடுப்பைவிட ஏறத்தாழ 46 சதவீதம் அதிகம். தமிழகத்தில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா ஆடு, கறவை மாடு திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு நாலு ஆடு என்று கொடுத்தது. பல குடும்பங்களுக்கு அந்த ஆடுதான் பிள்ளையின் காலேஜ் பீஸ். அதை வளர்க்காதே என்று சொல்லும் எந்த ஆலோசனையும் ஊர் தெரியாதவர் சொல்லும் ஆலோசனை.

சென்னையில் தொடங்கிய எச்சரிக்கை

மருந்துக்கு அடங்காத கிருமி பற்றிய உலகச் செய்தியில் தமிழகத்துக்குத் தனி இடம் உண்டு. 2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியாகி உலகையே பதறவைத்த என்.டி.எம்.-1 கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. கார்பபெனெம் எனும் வலுவான மருந்துக் குடும்பத்தையே முறிக்கும் நொதி அது. அந்தக் கட்டுரையில் சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகள் இருந்தன. மறு ஆண்டே டெல்லியில் குடிநீர் மாதிரிகள் 50-ல் இரண்டிலும், தெருவில் தேங்கிய கசிவுநீர் மாதிரிகள் 171-ல் 51-லும் அதே மரபணு கிடைத்தது. ஆஸ்பத்திரிச் சுவருக்குள் மட்டும் இருக்கிறது என்று நினைத்தது தெருத் தண்ணீரில் இருந்தது.

2012-ல் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று உருவாக்கிய 'சென்னைப் பிரகடனம்' வந்தது. முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்-1 அட்டவணை 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் "ஒரு செட்டு மாத்திரை" கேட்டால் காய்ச்சல் மாத்திரையோடு ஓர் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்து வருவதும் இருக்கிறது.

விலங்குக்கும் மனிதருக்கும் நடுவில் உள்ள இழையை எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் காட்டியது கொலிஸ்டின் என்ற மருந்து. 1950-களில் வந்த பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று டாக்டர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசி நம்பிக்கையாக அதையே திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அதே காலத்தில் கோழியும் பன்றியும் சீக்கிரம் எடை போட வேண்டும் என்று தீவனத்தில் கொலிஸ்டினை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது கால்நடைத் தொழில். 2015 நவம்பரில் சீனாவின் பன்றிகளிடமிருந்து எடுத்த பாக்டீரியாவில், கொலிஸ்டினை எதிர்க்கும் எம்.சி.ஆர்.-1 மரபணு ஒரு பிளாஸ்மிட்டில் ஏறி உட்கார்ந்திருப்பது தெரியவந்தது. சென்னைச் சந்தையில் வாங்கிய பச்சை உணவுப் பொருட்களில் கொலிஸ்டினுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் இருப்பதை அப்துல் கஃபூர் குழுவினர் பிறகு கண்டார்கள்.

இந்தியா 2019 ஜூலையில், உணவுக்கான விலங்குகள், கோழி, மீன் வளர்ப்பு, தீவனம் எல்லாவற்றிலும் கொலிஸ்டினைத் தடை செய்தது. சரியான முடிவு. சீனா 2017-லேயே தீவனத்தில் அதை நிறுத்தியிருந்தது. பலன் எண்ணிக்கையில் தெரிந்தது. பன்றிகளின் ஈ.கோலையில் கொலிஸ்டினை எதிர்த்தவை 34 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமாகவும், கோழிகளில் 18.1-லிருந்து 5 சதவீதமாகவும் இறங்கின. மருத்துவமனை நோயாளிகளில் எம்.சி.ஆர்.-1 உள்ள ஈ.கோலையைச் சுமந்தவர்கள் 2016-ல் 14.3 சதவீதம், 2019-ல் 6.3 சதவீதம். பண்ணையில் நிறுத்தியதும் வார்டில் குறைந்தது.

நம் மருத்துவமனைகளின் நிலையைச் சொல்ல ஒரு கணக்கு போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கண்காணிப்பில், ஈ.கோலை தொற்றுகளில் கார்பபெனெம் குடும்பத்து இமிபெனெம் மருந்துக்குக் கட்டுப்பட்டவை 2017-ல் 81.4 சதவீதம்; 2023-ல் 62.7 சதவீதம். 2019-ல் மட்டும் இந்தியாவில் மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணமாக இறந்தவர்கள் ஏறத்தாழ 2,97,000 பேர் என்று உலகளாவிய மதிப்பீடு ஒன்று சொல்கிறது.

ஒரு தட்டு, ஆறு வில்லை

எந்த மருந்து பலிக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது. சிறுநீரோ சீழோ பாலோ, அதிலிருந்து கிருமியை வளர்த்தெடுத்து, அகர் என்ற கூழ் பரப்பிய வட்டத் தட்டில் சீராகத் தேய்க்கிறார்கள். மேலே, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து ஊறிய, 6 மில்லிமீட்டர் அகலக் காகித வில்லைகளை வைக்கிறார்கள். ஓர் இரவு உடல் வெப்ப அளவில் வைத்தால் மறுநாள் தட்டு முழுவதும் கிருமி வெண்படலமாகப் படர்ந்திருக்கும். பலிக்கும் மருந்து வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் விழும். பலிக்காத வில்லையைச் சுற்றிக் கிருமி விளிம்பு வரை வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். டாக்டர் பார்ப்பது அந்த வட்டத்தின் அகலத்தைத்தான்.

முழு முடிவு கைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். காத்திருக்க நேரம் இல்லாத நோயாளிக்கு ஊகத்தில் மருந்து தொடங்குவது தவிர்க்க முடியாதது. ஆனால் சாதாரணச் சளிக்கும் கோழிக் கழிச்சலுக்கும் ஊகத்திலேயே தொடங்கி ஊகத்திலேயே முடிப்பது தவிர்க்கக்கூடியது.

தேனி மாவட்டத்துக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2020-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இதே மாவட்டத்தில்தான். மனிதரைப் பார்க்கும் கல்லூரியும் மாட்டைப் பார்க்கும் கல்லூரியும் ஒரே மாவட்டத்தில் அமைவது எல்லா இடத்திலும் வாய்ப்பதல்ல. நைரோபியில் செய்ததை இங்கே செய்யலாம். அங்கே இல்லாத ஒரு வசதியும் நமக்கு இருக்கிறது. மேகமலை, வருசநாட்டுப் பக்கம் மேய்ந்து, அறுவடை முடிந்த வயலில் கிடை போடும் மலைமாடு, மாதத்துக்கொரு ஊசி பார்க்கும் ஜெர்சிக் கலப்பினம் அல்ல. மலைமாடு வைத்திருக்கும் வீடு, கலப்பினக் கறவை வைத்திருக்கும் வீடு, ஒப்பந்தத்துக்குப் பிராய்லர் ஷெட் போட்டிருக்கும் வீடு. ஒரே தண்ணீர், ஒரே காற்று, மூன்று வகை மருந்துப் பழக்கம். இந்த மூன்று வகை வீடுகளிலும் மனிதர், விலங்கு, கிணற்று நீர், வயலுக்குப் போகும் கோழி எரு எல்லாவற்றையும் வரிசையாகச் சோதித்தால், முல்லைப் பெரியாறு பாயும் இந்தப் பள்ளத்தாக்கு நாட்டுக்கே ஒரு பாடம் சொல்லும்.

கற்றாழையும் சுண்ணாம்பும்

மருந்தைக் குறை என்று சொல்வது சுலபம். குறைத்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு நம்மிடம் பதில் இல்லாமல் இல்லை.

கோழிக்கு முதல் பதில் தடுப்பு மருந்து. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் கால்நடைத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இரண்டு வாரம் இலவசமாக நடத்துகிறது. ஊசியே வேண்டாம் என்பவர்களுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், தீவனம்போலத் தின்னக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் வராத வீட்டில் டெட்ராசைக்ளினுக்கு வேலை இல்லை. முகாம் மட்டும் ஏலத்தோட்ட ஜீப் திரும்பிய பிறகு, மாலை ஆறு மணிக்கு நடக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்கு நடக்கும் முகாமுக்கு வர யார் இருக்கிறார்கள்?

மாட்டில் அதிக ஆன்டிபயாடிக் தின்பது மடிநோய். காலையில் கறக்கப் போனால் மாடு உதைக்கும். மடி கல்லாய் இறுகிச் சுடும். பால் திரிதிரியாய் வரும். சொசைட்டியில் பால் எடுக்கமாட்டார்கள் என்ற பயத்தில் ஓர் ஊசி, காம்புக்குள் ஏற்றும் ஒரு டியூப். இரண்டு நாளில் பால் தெளிந்ததும் மருந்து நின்றுவிடும், கிருமி நிற்காது. ஒரு மாதத்தில் திரும்ப வரும்போது முந்தைய ஊசிக்கு அசையாது.

தஞ்சையில் கால்நடை மூலிகை மருத்துவ ஆய்வை வளர்த்த பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி இதற்குப் பரப்பிய முறை இன்று தேசிய பால்வள வாரியம் வழியாக நாடெங்கும் போயிருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சேர்த்து அரைத்தால் மஞ்சள் சுண்ணாம்போடு சேர்ந்து சிவந்து, விழுது செங்கல் நிறத்துக்கு வரும். மடியைக் கழுவி, பாலைச் சுத்தமாகக் கறந்து எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் தடவ வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். பத்து முறை என்பது வேலைதான். வீட்டில் ஒருவர் இருந்தால்தான் நடக்கும். நோய் தொடங்கிய கட்டத்துக்கே இது. காய்ச்சல் ஏறி, மாடு தீனி எடுக்காமல் நின்றால் தாமதிக்காமல் 1962-க்கு அழைத்து நடமாடும் கால்நடை மருத்துவரை வரவழைக்க வேண்டும்.

அதற்கும் முந்திய ஒன்று இருக்கிறது. கறந்து முடித்ததும் காம்புத் துளை அரை மணி நேரம் போலத் திறந்திருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி நேரே உள்ளே போகும். கறந்த கையோடு தீவனத்தைப் போட்டு மாட்டை நிற்கவைத்தால் பாதி மடிநோய் வாசலிலேயே நின்றுவிடும் என்று கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வீட்டில் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. நன்றாக வேகவைத்த கறியிலும் காய்ச்சிய பாலிலும் ஈ.கோலை பிழைக்காது. கோழி அறுத்த அரிவாள்மனையிலேயே வெங்காயத்தையும் நறுக்கிப் பச்சையாகத் தட்டில் போடுவதுதான் வழி திறந்துவிடுகிறது. தொழுவத்திலிருந்து வரும் கைக்கு சோப்பு வேண்டும். இவ்வளவுதான்.

மலைக்கு அந்தப் பக்கம்

கம்பத்திலிருந்து மலை ஏறினால் கேரளம். அந்த மாநிலம் மருந்து எதிர்ப்புக்கான தன் செயல்திட்டத்தை 2018-லேயே வெளியிட்டது, இந்திய மாநிலங்களில் முதலாவதாக. 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் மருந்துக்கடைகளில் திடீர்ச் சோதனை தொடங்கியது. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தரப்படாது என்ற அறிவிப்பு கடையில் தொங்க வேண்டும். ஆன்டிபயாடிக்கைத் தனியாக அடையாளம் தெரியும்படி நீல உறையில் போட்டுத் தருவதும் தொடங்கியிருக்கிறது. பயன்பாடு 20 முதல் 30 சதவீதம் குறைந்ததாக அந்த அரசு சொல்கிறது. ஒரே குடும்பத்தார் பகலில் அந்தப் பக்கம் வேலை செய்து, இரவில் இந்தப் பக்கம் தூங்கும் பள்ளத்தாக்கு இது. ஒரு பக்கம் மட்டும் கதவைச் சாத்தினால் போதாது. தமிழக அரசு தேனியிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

ஏழு நாள் பால்

இதில் யாரும் பேசாத ஒரு செலவு இருக்கிறது. ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து சில நாள் தங்கும். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து முழுவதும் போகாது. அப்படிப்பட்ட பாலில் உறை ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தயிர் சரியாக உறையாது, நீர்த்துக் கிடக்கும். உறைமோரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அந்த மருந்து தடுத்துவிடுகிறது. நம் குடலுக்குள் போய் அது என்ன செய்யும் என்பதைத் தயிர்க் கிண்ணமே காட்டிவிடுகிறது.

அதற்காகத்தான் விலக்குக் காலம் என்ற விதி. 2012 ஜனவரியில் திருத்தப்பட்ட மருந்து விதிகளின்படி, கால்நடை மருந்தின் லேபிளில் எத்தனை நாள் பாலும் முட்டையும் இறைச்சியும் பயன்படுத்தக் கூடாது என்று அச்சிட வேண்டும். தனியாகக் குறிப்பிடாத மருந்துக்குப் பாலும் முட்டையும் குறைந்தது 7 நாள், இறைச்சி 28 நாள். அந்தப் பாலைக் கன்றுக்கு விட்டால் கன்றின் குடலில் அதே கதை தொடங்கும். கீழே கொட்டத்தான் வேண்டும்.

எட்டு லிட்டர் கறக்கும் மாடு என்றால் ஏழு நாளுக்கு 56 லிட்டர். ஆவின் கொள்முதல் விலையும் ஊக்கத்தொகையும் சேர்த்து லிட்டருக்கு 38 ரூபாய் என்று வைத்தால் 2,128 ரூபாய். ஊசிக்கும் டாக்டருக்கும் கொடுத்தது தனி. ஒரு மாடு வைத்திருப்பவரிடம் இந்தப் பணத்தைச் சாக்கடையில் ஊற்று என்று சொல்லும் சட்டம், அந்த இழப்பை யார் தாங்குவது என்று சொல்லவில்லை. அதனால் பால் கேனுக்குள் போகிறது, கேன் சொசைட்டிக்குப் போகிறது, ஊரின் பாலெல்லாம் ஒன்றாகக் கலக்கிறது.

பால் சங்கமே அந்த ஏழு நாள் பணத்தைத் தர வேண்டும். கால்நடை மருத்துவரின் சீட்டைக் காட்டி, விலக்குக் காலத்தில் பால் ஊற்றாத உறுப்பினருக்கு முழுத் தொகை முடியாவிட்டால் பாதித் தொகை. மீதியை மாவட்ட ஒன்றியமும் கால்நடைத் துறையும் பகிர்ந்துகொள்ளலாம். சீட்டு கட்டாயம் என்றால் டாக்டரைப் பார்ப்பதும் தானாக நடக்கும், மெடிக்கல் ஷாப் ஊசி தானாகக் குறையும். எந்த ஊரில் எந்த மருந்து எவ்வளவு போகிறது என்ற கணக்கும் கைக்கு வரும். உத்தமபாளையம், சின்னமனூர் வட்டாரத்தில் ஏதாவது ஒரு சங்கம் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைத்து, ஒரு வருடம் நடத்திப் பார்க்கலாம்.